இருக்கும் வாடிக்கையாளரிடம் கேட்டுப் புதுச் சந்தையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: உணவகங்களில் யார் எந்த ஷிஃப்டுக்கு வர வேண்டும் என்று அட்டவணை போட்டுத் தரும் செயலியை மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறோம். 140 பேர் சந்தா கட்டுகிறார்கள். ஐந்து மாதமாக அந்த எண் நகரவில்லை. வேறு எந்தத் துறைக்கு இதைக் கொண்டுபோகலாம் என்று அறிய, எல்லோருக்கும் 10 கேள்விகள் கொண்ட படிவம் அனுப்பினோம். 31 பேர் பதில் தந்தார்கள். ‘நன்றாக இருக்கிறது’, ‘இன்னும் சில வசதிகள் சேர்க்கலாம்’ என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே தவறினோம்?

பதில்: படிவத்தின் கேள்விகள் சரியாகவே இருந்திருக்கலாம். அதை யாருக்கு அனுப்பினீர்கள் என்பதில்தான் சிக்கல். உணவகம் நடத்துபவருக்கு உணவகத்தின் பாடு தெரியும். மருத்துவமனையிலோ காவலாளிகளை அனுப்பும் நிறுவனத்திலோ ஷிஃப்ட் போடுவதில் என்ன தலைவலி என்று அவருக்கு எப்படித் தெரியும்? திருப்தியான வாடிக்கையாளர் உங்கள் பழைய சந்தையைப் பற்றித்தான் பேசுவார். புதுச் சந்தைக்கான துப்பு, செயலி யாருக்குச் சரியாகப் பொருந்தவில்லையோ அவர்களிடம் இருக்கிறது. நீங்கள் நினைக்காத வேலைக்கு அதை வளைத்துப் பயன்படுத்துபவர், கொஞ்ச நாள் வைத்திருந்து விட்டுப்போனவர், பதிவு செய்தும் பணம் கட்டாதவர், ‘எங்கள் தொழிலுக்குச் சரிப்படுமா’ என்று கேட்டு உங்களிடம் ‘இல்லை’ என்ற பதில் வாங்கிப் போனவர். இந்த நான்கு வகையினரில் யாரையும் நினைத்து உங்கள் படிவம் எழுதப்படவில்லை. பலருக்குப் போய்ச் சேரவே இல்லை.

எண்ணிக்கையும் உங்களுக்குத் துணை நிற்கவில்லை. 140இல் 31 என்பது 22 சதவீதம். நேரம் ஒதுக்கி எழுதியவர்கள் பெரும்பாலும் உங்களைப் பிடித்தவர்களாக இருப்பார்கள். எந்தச் சாய்வும் இல்லாமல் குலுக்கல் முறையில் 100 பேரை எடுத்துக் கேட்டாலே சதவீதக் கணக்கு 10 புள்ளி வரை ஏறவோ இறங்கவோ கூடும். அதை 5 புள்ளிக்குள் அடக்க ஏறத்தாழ 400 பேர் வேண்டும். ஆகவே இப்போதைக்குச் சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களைத் தேடுங்கள்.

தேடலை உங்கள் கையிலிருக்கும் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். ஓர் எக்செல் தாளில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வரி. என்ன தொழில், பதிவு செய்தவர் முதலாளியா மேலாளரா, எத்தனை பணியாளர்கள், எந்த வசதியைத் தொடுகிறார், எதைத் தொடுவதே இல்லை, எந்த நேரத்தில் உள்ளே வருகிறார், சப்போர்ட்டுக்கு என்ன எழுதினார் என்று நிரப்புங்கள். 140 பேரும் உணவகம்தானா என்று முதலில் பாருங்கள். இரண்டு மூன்று பேராவது வேறு தொழிலாக இருப்பது வழக்கம். வாரந்தோறும் அட்டவணையைத் தரவிறக்கம் செய்பவரைக் குறித்து வையுங்கள். அதை அவர் வேறெங்கோ கொண்டுபோகிறார். எங்கே என்று கேட்க வேண்டும். ஆள் பெயர் போட வேண்டிய இடத்தில் ‘வேன் 2’, ‘அறை 4’ என்று ஒருவர் போட்டிருந்தால், அவர் ஆட்களுக்கு அல்ல, பொருள்களுக்கு ஷிஃப்ட் போடுகிறார். அது முற்றிலும் வேறொரு சந்தையின் வாசல். ஆனால் ஒரு எச்சரிக்கை: அட்டவணைக்குள் பணியாளர்களின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். எத்தனை முறை எதைப் பயன்படுத்தினார்கள் என்ற கணக்கைப் பார்ப்பது வேறு, உள்ளே எழுதியிருப்பதைப் படிப்பது வேறு. பின்னதற்கு அவர்களின் அனுமதி வேண்டும். பேசும்போது ‘உங்கள் திரையைக் காட்ட முடியுமா’ என்று கேட்டாலே போதும்.

வளைத்துப் பயன்படுத்துபவரைக் கவனித்ததால் பிழைத்த பொருளுக்கு, குழந்தைகள் உருவம் பிடித்து விளையாடும் வண்ண மாவான ப்ளே-டோ நல்ல உதாரணம். 1930களில் அது சுவர்த்தாளில் படியும் நிலக்கரிப் புகையைத் துடைத்தெடுக்கும் மாவாக விற்றது. வீடுகள் எரிவாயுவுக்கு மாறி, கழுவக்கூடிய சுவர்த்தாளும் வந்ததும் விற்பனை சரிந்தது. மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் அதைக் குழந்தைகளிடம் உருவம் பிடிக்கக் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அது விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. சுவர் துடைப்பவர்களிடம் ஆயிரம் படிவம் கொடுத்திருந்தாலும் ‘இன்னும் நன்றாகத் துடைக்க வேண்டும்’ என்ற பதில்தான் வந்திருக்கும்.

அடுத்தது பேச்சு. மேலே சொன்ன நான்கு வகையிலும் வகைக்கு 6 முதல் 8 பேர். விட்டுப்போனவர்களில் கடந்த மூன்று மாதத்துக்குள் போனவர்களை மட்டும் எடுங்கள். அதற்கு முந்தையவர்கள் நடந்ததை விட்டுவிட்டு நியாயமாகத் தோன்றும் ஒரு காரணத்தைச் சொல்வார்கள். அழைப்பை உங்களில் ஒருவர் சொந்தப் பெயரில் அனுப்புங்கள்: 20 நிமிடம், விற்பனைப் பேச்சு கிடையாது, நீங்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் கேட்கட்டும், இன்னொருவர் எழுதட்டும். பேச்சை ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று உரையாடலுக்கு மேல் வேண்டாம். நான்காவதில் நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டு ஏற்கெனவே நினைத்ததையே உறுதி செய்துகொள்ளத் தொடங்குவீர்கள்.

‘இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?’ என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மனதைப் புண்படுத்த யாரும் விரும்ப மாட்டார்கள். ‘கண்டிப்பாக’ என்பார்கள், அந்தச் சொல்லை நம்பி ஆறு மாதம் உழைப்பீர்கள். நடக்கப்போவதைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். ‘கடைசியாக அட்டவணை போட்டது எந்த நாள்? அன்று முதலில் என்ன செய்தீர்கள்? யாரிடம் கேட்டீர்கள்? எங்கே நின்றுபோனது? எவ்வளவு நேரம் ஆனது? அதற்கு முந்தைய முறையும் இப்படித்தானா?’ பதில் வந்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவர் சொல்லும் இரண்டாவது வாக்கியத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

புது வசதி கேட்டால் குறித்துக்கொண்டு, ‘அது இல்லாமல் இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். ‘சமாளித்துக்கொள்கிறோம்’ என்றால் அது ஆசை. ‘இதற்கென்றே ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் வாட்ஸ்அப்பில் உட்கார்ந்திருக்கிறார்’ என்றால் அங்கே ஏற்கெனவே பணம் செலவாகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத்தான் நீங்கள் கேட்கப்போகிறீர்கள். பயன்படுத்துபவரும் பணம் கொடுப்பவரும் ஒருவர்தானா என்பதையும் விசாரியுங்கள். மருத்துவமனையில் அட்டவணை போடுபவர் தலைமைச் செவிலியராக இருக்கலாம், வாங்க ஒப்புக்கொள்ள வேண்டியவர் நிர்வாகத்தில் இருப்பார். இருவரிடமும் பேசாமல் அந்தச் சந்தையை எடைபோட முடியாது.

அன்றன்றே குறிப்புகளைத் தாளில் ஏற்றுங்கள். அவர் சொன்ன வார்த்தை அப்படியே ஒரு கட்டத்தில், உங்கள் ஊகம் வேறொரு கட்டத்தில். இரண்டும் கலந்துவிட்டால் ஒரு மாதம் கழித்து எது யாருடையது என்று தெரியாது. பிறகு பிரிக்கும்போது துறைவாரியாகப் பிரிக்காமல் சிரமவாரியாகப் பிரியுங்கள். இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். காவலாளி நிறுவனமும் முதியோர் இல்லமும் வேறு வேறு துறைகள். ஆனால் ‘கடைசி நேரத்தில் ஒருவர் வராவிட்டாலும் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது’ என்ற சிரமம் இரண்டுக்கும் பொது. உணவகத்தில் ஓர் ஆள் குறைந்தால் மற்றவர்கள் இழுத்துப் போட்டுச் செய்துவிடலாம், அங்கே முடியாது. அந்தச் சிரமத்தின் கூர்மைதான் உங்களுக்கு விலை சொல்லும் வலுவைத் தரும். எந்த நேரத்தில் நிறுத்துவது? தொடர்ந்து ஐந்து பேர் புதிதாக ஒன்றும் சொல்லாவிட்டால் அந்த வகையை மூடுங்கள். குலுக்கலில் எடுத்த 20 பேரில் ஒருவர்கூட ஒரு சிரமத்தைச் சொல்லவில்லை என்றால், அது மொத்தக் கூட்டத்தில் 15 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

படிவத்துக்கு வேலை இப்போதுதான் வருகிறது. பேச்சில் கேட்ட வார்த்தைகளையே வைத்து ஐந்து கேள்விகள் எழுதுங்கள். அதில் ஒன்று: ‘நாளை முதல் இந்தச் செயலி இல்லை என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?’ மிகவும் ஏமாற்றம், ஓரளவு, பெரிதாக ஒன்றுமில்லை என்று மூன்று விடைகள். ‘மிகவும் ஏமாற்றம்’ என்பவர் 40 சதவீதத்தைத் தொட்டால் பொருள் சந்தையில் ஊன்றிவிட்டது என்பது, புதுத் தொழில் நிறுவனங்களின் வளர்ச்சிக்கு வழி சொல்லும் ஷான் எல்லிஸ் பரப்பிய அளவுகோல். அது ஓர் அனுபவக் கணக்கு, விதி அல்ல. மொத்தத்தைப் பார்த்து நிற்காமல் சிரமவாரியாக உடைத்துப் பாருங்கள். மொத்தம் 20 சதவீதமாக இருந்தும், 12 பேர் கொண்ட ஒரு சிறு கூட்டத்தில் 9 பேர் அப்படிச் சொல்லியிருந்தால் உங்கள் கண் அங்கே போக வேண்டும்.

கடைசியாக, சொல்லை நம்பாமல் செயலைக் கேளுங்கள். தேர்ந்தெடுத்த கூட்டத்தில் உங்களை முன்பின் அறியாத 15 பேரை அணுகுங்கள். ஒரு மாதச் சந்தாவை முன்பணமாகக் கேளுங்கள். அதற்கு முந்தைய படியாக, பெயர்களை மறைத்த போன மாத அட்டவணையையோ, முடிவெடுப்பவருடன் ஒரு சந்திப்பையோ கேட்கலாம். எத்தனை பேர் தந்தால் இறங்குவோம் என்பதைத் தொடங்கும் முன்பே மூவரும் எழுதி வையுங்கள். 15இல் 4 பேர் முன்பணம் தருவது என்று வைத்துக்கொள்ளலாம். முடிவு வந்த பிறகு வரம்பு வைத்தால், வந்த எண்ணுக்கு ஏற்றபடி அது வளைந்துவிடும். இலவசச் சோதனைக்கு ஒப்புக்கொண்டவரையும் நண்பரின் நிறுவனத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே ஒரு பெரிய நிறுவனம் ‘எங்களுக்கென்று மாற்றித் தந்தால் வாங்குகிறோம்’ என்று வந்தால், அதே மாற்றத்தை வேறு மூவரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இல்லையென்றால் அவர்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒப்பந்தக்காரர் ஆகிவிடுவீர்கள்.

பதிவுகளை அலச ஒரு வாரம், பேச இரண்டு வாரம், முன்பணச் சோதனைக்கு இரண்டு வாரம் என்று ஐந்து வாரத்தில் முதல் சுற்று முடியும். அந்த 4 கிடைக்காவிட்டால் மறுத்தவர்களிடம் மறுநாளே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதற்குப் பதிலாக இந்த மாதம் எதற்குப் பணம் கொடுத்தீர்கள்?’ அந்த விடைகளைத் தாளில் ஏற்றிக்கொண்டு, பட்டியலில் அடுத்து நிற்கும் சிரமத்தை எடுங்கள்.