தேன்குழல் பாக்கெட்டில் எத்தனை படம்?

வணக்கம் ஐயா,

தேவகோட்டையில் இருந்து எழுதுகிறேன். என் மாமியார் வெகுகாலமாக வீட்டில் பலகாரம் போடுகிறவர். இரண்டு வருஷமாகத் தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை மூன்றையும் பாக்கெட்டில் அடைத்து காரைக்குடியில் நாலைந்து கடைகளுக்குக் கொடுக்கிறோம். வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுக்கிறோம். ஒருவரிடம் சொல்லி லேபிள் போட்டோம். செட்டிநாட்டு வீடு, குத்துவிளக்கு, ஆத்தங்குடித் தரைக்கல், மாமியார் படம் எல்லாம் அதில் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் மெரூனும் தங்கமுமாக அழகாக இருந்தது, அச்சாகி வந்தபோது பழுப்பாகிவிட்டது. கடையில் எங்கள் பாக்கெட்டை யாரும் கையில் எடுப்பதில்லை. ஒருமுறை வாங்கியவர்கள் மறுபடி வாங்குகிறார்கள், அதனால் பலகாரத்தில் குறை இல்லை. மறுபடி செலவு செய்து வேறு டிசைன் போடலாமா?

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

போடலாம். ஆனால் டிசைனருக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இப்போதுள்ள லேபிளைக் கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, பாக்கெட்டில் ஒட்டி, மற்ற பாக்கெட்டுகளோடு அலமாரியில் வைத்து, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். வீடு, விளக்கு, கல், ஆச்சியின் முகம் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. 'தேன்குழல்' என்ற சொல்லைத் தேட வேண்டியிருந்தது. கடைக்கு வருகிறவர் தேட மாட்டார், பக்கத்துப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எதை முதலில் பார்க்க வேண்டும், எதை இரண்டாவதாகப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் லேபிளில் பெரிய வேலை. படம் வரைவதெல்லாம் அப்புறம். உங்கள் லேபிளில் அந்த முடிவை யாருமே எடுக்கவில்லை.

செட்டிநாடு என்றாலே எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் ஊர் வீடு ஒன்றின் வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்று பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் வெள்ளையாக, மழமழவென்று சும்மா இருக்கும். அதனால்தான் பர்மாத் தேக்குத் தூண் அவ்வளவு கம்பீரமாகத் தெரிகிறது. முகப்பில் சுதை உருவங்கள் நிறைந்திருக்கின்றனவே என்று கேட்பீர்கள். தெருவை அடைத்து நிற்கும் வீட்டுக்கு அது தாங்கும், மூன்று அங்குல லேபிளுக்குத் தாங்காது. கண்டாங்கிச் சேலையையும் பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. கட்டமும் அகலமான கரையும்தான் அதன் அடையாளம், தெருமுனையில் வரும்போதே கண்டாங்கி என்று தெரிந்துவிடும். உங்களுக்கு ஊர் அடையாளம் வேண்டுமென்றால் லேபிளின் அடியில் கண்டாங்கிக் கரை போல ஒரு பட்டை போதும். வீட்டுப் படம் மசாலா பாக்கெட்டிலும் ஓட்டல் போர்டிலும் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, நிறத்துக்கு வருகிறேன். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைக் காகிதத்தில் வைத்து நிறம் காட்டுகிறது. திரையில் தெரியும் எல்லா நிறத்தையும் மையால் கொண்டுவர முடியாது. மெரூனில் கறுப்பு கொஞ்சம் கூடினாலோ, காகிதம் மையை உறிஞ்சினாலோ பழுப்பாகிவிடும். தங்கம் இன்னும் மோசம். நான்கு மையில் தங்கம் என்று ஒன்று கிடையாது. மஞ்சளில் இருந்து பழுப்புக்கு மெல்ல மாறும் நிறத்தைப் போட்டு ஏமாற்றுகிறார்கள், திரையில் மினுங்குவது காகிதத்தில் அழுக்கு மாதிரி விழுகிறது. நிஜத் தங்கம் வேண்டுமானால் ஃபாயில் ஒட்ட வேண்டும் அல்லது தனி உலோக மை வேண்டும், இரண்டும் செலவு. ஆத்தங்குடிக் கல் செய்கிறவர் கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறக் கலவையை ஊற்றுகிறார். ஒரு நிறத்துக்குள் இன்னொன்று கரைவதில்லை. நாலு நிறத்தில் முடிந்துபோகிற காரியம். கல்லின் படத்தை லேபிளில் ஒட்டுவதைவிட அந்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள்: வெளிர் பின்னணி, அடர்ந்த ஒரு நிறத்தில் பெயர், கரைக்கு இன்னொரு நிறம். மொத்த அச்சுக்கு முன்னால் அதே காகிதத்தில் ஒரு மாதிரி கேட்டு வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், தமிழ் லேபிள்கள் கெட்டுப்போவது அங்கேதான். நம் எழுத்துகளில் சுழி அதிகம். 'மாவுருண்டை' என்பதில் 'ண்டை' வரும் இடத்தைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, அதைச் சுற்றி நிழல் என்று போட்டதில் சுழியெல்லாம் அடைபட்டுவிட்டது. புள்ளியும் காணாமல் போய்விட்டது. கோடும் நிழலும் வேண்டாம். கேட்டமரான் (Catamaran), முக்தா மலர், பாலூ தம்பி போன்ற எழுத்துருக்கள் கூகுளில் இலவசமாகக் கிடைக்கின்றன, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். பலகாரப் பெயருக்குப் பாலூ தம்பியின் உருண்டை வடிவம் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது.

அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும்போது எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றித் தரச் சொல்லுங்கள், அப்போது அவை படம் போலாகி எந்தக் கணினியிலும் மாறாது. டிசைன் செய்யும் கோரல்டிரா மென்பொருளில் ஒரு நொடி வேலை. நான் ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பாமினி எழுத்துருவில் செய்து அப்படியே அனுப்பினேன். அச்சகத்துக் கணினி அதில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் வேறாகக் காட்டியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. தாத்தாவின் பெயர் பிழையோடு ஐந்நூறு பத்திரிகை வந்து இறங்கியது. அந்த வீட்டுப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பத்திரிகையை மடித்து வைத்த விதம் இன்னும் மனதில் இருக்கிறது. லேபிளைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக நிறம் விடவும் சொல்லுங்கள், வெட்டும்போது வெள்ளை விளிம்பு வராது. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

எடை, விலை, தேதிகள், பச்சைப் புள்ளி, பதினான்கு இலக்க உணவு உரிம எண் எல்லாவற்றுக்கும் ஆரம்பத்திலேயே இடம் ஒதுக்குங்கள்.

வாட்ஸ்அப்புக்கு லேபிளைப் போடாதீர்கள், பலகாரத்தைப் போடுங்கள். காலை ஒன்பது மணி வாக்கில், வெயில் நேராக விழாத இடத்தில், முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி ஓர் ஓலைக் கொட்டானில் வைத்து எடுங்கள். பூப்போட்ட தரையில் வைத்தால் தேன்குழலின் சுற்று தெரியாது. ஒரு படத்துக்கு ஒரு பலகாரம், அதன் பெயர், விலை. தொலைபேசி எண்ணைச் செய்தியில் தனியாக எழுதுங்கள், படத்துக்குள் இருந்தால் தொட்டு அழைக்க முடியாது.

ஆச்சியின் படத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. பின்பக்கம் வையுங்கள், கூடவே அவர் எத்தனை வருஷமாகப் பலகாரம் போடுகிறார் என்று ஒரே வரி. பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கிறவர் ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டவர், அவருக்கு அந்த முகம் வேண்டும்.