25 இலக்கத்தோடு நின்றுவிடும் எண்: கேள்வி பதில்

எண் இதுதான்: 3608528850368400786036725. இதன் முதல் இரண்டு இலக்கம் 2-ஆல் வகுபடும், முதல் மூன்று 3-ஆல், முதல் நான்கு 4-ஆல். 25 வரை இப்படியே மீதியில்லாமல் போகும். வேலூர் வட்டாரத்து நண்பர்கள் கேட்டவை கீழே.

காட்பாடி: சார், எக்ஸலில் அடித்தால் பின்பாதி பூஜ்யமாகிவிடுகிறது. எப்படிச் சரிபார்ப்பது?

எக்ஸல் 15 இலக்கம்தான் தாங்கும். தாளிலேயே செய்யுங்கள், மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த இலக்கத்தை அதன் பக்கத்தில் எழுதினால் போதும். முதல் 17 இலக்கத்தை 17-ஆல் வகுக்கும்போது மீதிகள்: 3, 2, 3, 4, 11, 10, 6, 0, 5, 16, 10, 4, 14, 8, 12, 1, 0. பைத்தானிலும் செய்யலாம். ஆனால் சாதாரண வகுத்தல் குறி போட்டால் விடை தசமமாகித் துல்லியம் போய்விடும். மீதி காணும் % குறியைப் போடுங்கள்.

குடியாத்தம்: 26-ஆவது இலக்கம் சேர்க்கவே முடியாதா?

முடியாது. இந்த எண்ணை 26-ஆல் வகுத்தால் மீதி 9. இன்னொரு இலக்கம் சேர்த்தால் அது 90 முதல் 99 வரை ஏதோ ஒன்றாகும். 26-இன் மடங்குகள் 78, அடுத்தது 104. இடையில் ஒன்றும் இல்லை.

ராணிப்பேட்டை: 25 இலக்கத்தில் வேறு எண் உண்டா?

இல்லை, இது ஒன்றுதான். 10 இலக்கம் வரை அடுத்த இலக்கம் கட்டாயம் கிடைக்கும், ஏனென்றால் அடுத்தடுத்த பத்து எண்களில் 10 வரையுள்ள எதன் மடங்கும் வந்தே தீரும். 11-இலிருந்து அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. 10 இலக்கத்தில் 2492 எண்கள், 20-இல் 44, 24-இல் 3, 25-இல் 1. எல்லா நீளத்தையும் கூட்டினால் 20456.

ஆற்காடு: வேலூர் பின்கோடு 632001 தேறுமா?

63 ஒற்றைப்படை. இரண்டாம் படியிலேயே போச்சு.

வாணியம்பாடி, ஆசிரியை: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையாலேயே கண்டுபிடிக்கும்படி ஏதாவது?

இதைவிட நல்ல வகுப்புக் கணக்கு எனக்குத் தெரியாது: 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரே முறை வந்து, இதே விதிக்குக் கட்டுப்படும் எண் எது?

ஐந்தாம் இடத்தில் 5-தான். இரட்டை இடங்களில் இரட்டைப்படை, மற்றவற்றில் ஒற்றைப்படை. மூன்றாவது இலக்கம் ஒற்றைப்படையாக இருப்பதால், 4-ஆல் வகுபட நான்காவது 2 அல்லது 6 ஆகவேண்டும். எட்டாவதும் அப்படியே. நான்கு, ஐந்து, ஆறாம் இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட வேண்டும். ஆகவே அங்கே 258 அல்லது 654. 258 என்றால் இரண்டாமிடம் 4, எட்டாமிடம் 6. 654 என்றால் 8, 2. இனி 3-க்கும் 8-க்கும் சோதித்தால் பத்தே பத்து எண்கள் மிஞ்சும். அவற்றின் முதல் ஏழு இலக்கத்தை 7-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். தாக்குப்பிடிப்பது 3816547 மட்டும். முழு எண் 381654729.

பிள்ளைகள் தடுமாறுவது 8-இல்தான். கடைசி மூன்று இலக்கத்தைப் பார்க்கவேண்டும். இங்கே ஆறாவது இலக்கம் இரட்டைப்படை என்பதால் ஏழும் எட்டும் சேர்ந்த இரண்டிலக்க எண்ணே போதும்: 16, 96, 32, 72.