ஒரே செடியில ரெண்டு கலர், ஏமாத்திட்டாங்களா?

கேள்வி: போன வருஷம் நர்சரில வெள்ளையும் ரோஸும் கலந்து பூக்குற காகிதப்பூச் செடி வாங்கினேன். இப்ப ஒரு கிளை மட்டும் முழுக்க ரோஸாவே பூக்குது. சாதா செடியத் தலையில கட்டிட்டாங்களா? விதை எடுத்து வளர்க்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லம்மா, ஏமாத்தல. நீங்க சொல்றதப் பாத்தா அது மேரி பாமர் ரகம்தான், அது பிறந்த கதையே இதுதான். 1910-ல மிஸஸ் பட்-ங்கற அம்மா கொலம்பியாவுல கார்டஹேனா ஊர்ல ஒரு சிவப்புப் போகன்வில்லாவ, அதான் நம்ம காகிதப்பூவ, பாத்து டிரினிடாடுக்குக் கொண்டு வந்தாங்க, அவங்க பேர்லயே அது ஊரெல்லாம் பரவுச்சு. அந்தச் செடியோட ஒரு கிளை 1949 வாக்குல கல்கத்தாவுல தானா மாறி வெள்ளையும் ரோஸுமா பூத்துச்சு. யாரும் ஒட்டுக் கட்டல, மகரந்தம் தூவல, யாரோ ஒருத்தர் கவனிச்சு அந்தக் கிளைய வெட்டி நட்டாங்க, அவ்ளோதான்! உங்க வீட்டுச் செடியும் அந்த ஒத்தக் கிளையோட வாரிசுதான். ஒரே கிளைக்குள்ள ரெண்டு வித செல்லு கலந்து கிடக்கறதால, புதுக் கிளை எந்த செல்லுலேருந்து கிளம்புதோ அந்தக் கலர்ல பூக்கும்.

கலர்னு நாம சொல்றது பூவே இல்ல, தெரியுமா? பேப்பர் மாதிரி இருக்கற மூணும் இலைதான், பிரிச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணு மேலயும் ஒட்டிக்கிட்டு வெள்ளையா ஒரு சின்னக் குழல் இருக்கும், அதுதான் நிஜப் பூ.

விதைக்கு ஆசைப்படாதீங்க. மிஸஸ் பட்டே ரெண்டு இனம் கலந்த கலப்பினம், இந்த வகையெல்லாம் பெரும்பாலும் மலடு. இந்த மலட்டுத்தன்மையப் போக்கத்தான் லக்னோ தாவர ஆராய்ச்சி நிலையத்துல கோல்சிசின்ங்கற ரசாயனத்தப் போட்டு, செல்லுக்குள்ள பரம்பரைக் குணத்தச் சுமக்கற குரோமோசோம ரெட்டிப்பாக்கினாங்க, அப்புறம்தான் சேர்க்கை பண்ணி சித்ரா மாதிரி புது ரகம் வந்துச்சு. உங்க ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிர் பண்றாங்களே கண்வலிக் கிழங்கு, நம்ம செங்காந்தள், அந்த விதையில இருக்கற அதே கோல்சிசின்தான் இது, எனக்கு இத நெனச்சா இன்னிக்கும் புல்லரிக்குது.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, தனி ரோஸ் கிளைய அடியோட வெட்டிருங்க, விட்டா அது மத்த கிளைய அமுக்கிரும். ரெண்டு கலரும் கலந்து பூக்குற கிளையில பென்சில் தடிமனுக்கு, அரை அடி நீளத்துல குச்சி வெட்டி, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி மணல் கலந்த மண்ணுல நட்டு நிழல்ல வைங்க. வெள்ளை மட்டும் பூக்குற கிளையில எடுக்காதீங்க, வெள்ளைச் செடிதான் கிடைக்கும்.