பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம்? எது பெருகணும், எது குறையணும்: கேள்வி பதில்

தமிழ்ப் பெயர்களின் சொற்பொருளும் பிறப்புப் பதிவு நடைமுறையும் நன்கு தெரிந்த ஒருவரிடம் பெற்றோர்கள் கேட்டவை இவை. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், பதில்களை அப்படியே விட்டிருக்கிறோம். பிடித்ததும் பிடிக்காததும் அவருடைய சொந்தக் கருத்து.

திருப்பூர்: அக்கா, பையனுக்கு 'ஆரவ்' என்று முடிவு செய்துவிட்டோம். ஆப்பில் 'அமைதியானவன்' என்று பொருள் போட்டிருக்கிறது. வைக்கலாமா?

ஆப் சொல்வதற்கு நேர் எதிர்தான் உண்மை. வடமொழியில் 'ஆரவ' என்றால் சத்தம், கூச்சல். 'ஆரவாரம்' என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் மறக்காது. ஓசையற்றவன் என்று பொருள் வர வேண்டுமானால் 'நீரவ்' என்று இருக்க வேண்டும். ஒரு தளத்தில் யாரோ தப்பாகப் போட்டதை மற்ற தளங்கள் நகலெடுத்ததில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சத்தம் என்று பேர் வைத்துவிட்டு அமைதி என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். (பிறந்த குழந்தைக்குச் சத்தம் என்று பேர் வைப்பதும் பொருத்தம்தான், அது வேறு விஷயம்.)

பொருளை நீங்களே பார்க்கலாம், பத்து நிமிட வேலை. தமிழ்ச் சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். வடசொல் என்றால் மோனியர் வில்லியம்ஸ் அகராதி, அதுவும் இணையத்தில் இருக்கிறது. தேடும்போது கடைசியில் ஒட்டிய 'ஷ்', 'ஸ்ரீ', 'இக்கா' போன்றவற்றைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள். எஞ்சிய பகுதி இரண்டு அகராதியிலும் இல்லையென்றால் அது காதுக்கு இனிமையாகச் செய்த ஒலி, அவ்வளவுதான். அப்படி வைப்பது குற்றமில்லை. ஆனால் 'லட்சுமியின் இன்னொரு பெயர்' என்று ஆப் சொல்வதை நம்பி வைக்காதீர்கள்.

என் கருத்து: ஆரவ் குறையணும். பொருளை விடுங்கள், ஒரே வகுப்பில் மூன்று ஆரவ் இருந்தால் டீச்சர் எப்படியும் இனிஷியலைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

சேலம்: பெண் குழந்தை, ஆயில்யம் நட்சத்திரம். டி, டு, டே, டோ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் ஜோசியர். தமிழ்ப் பெயரே கிடைக்கவில்லை.

கிடைக்காது அம்மா. 'ட' வரிசை தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக வராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. 27 நட்சத்திரம், ஆளுக்கு 4 பாதம், ஆக 108 எழுத்து என்ற பட்டியல் வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டது. அதனால் சில நட்சத்திரங்கள் தமிழுக்குத் தங்கம், சில வறட்சி.

சிலர் 'நட்சத்திர எழுத்து வேண்டாம், ராசி எழுத்துக்குப் போகலாம்' என்பார்கள். உங்களுக்கு அதுவும் உதவாது. கடக ராசிக்குள் வரும் மற்ற எழுத்துகள் ஹி, ஹு, ஹே, ஹோ, ட. எல்லாமே தமிழ் முதலெழுத்தாக வராதவை.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்தப் பட்டியலை ஆங்கிலத்தில் படிக்கும்போது 'டி-ஐ' என்றிருப்பதைப் பார்த்து 'தியா', 'தேவஸ்ரீ' என்று வைத்துவிடுவார்கள். ஆயில்யத்துக்குச் சொன்னது நா மேலண்ணத்தைத் தொடும் 'டி', 'தியா', 'தேவஸ்ரீ' இரண்டிலும் வருவது பல்லைத் தொடும் ஒலி, அந்த 'தி' பூரட்டாதிக்கும் 'தே' ரேவதிக்கும் உரியவை. சாஸ்திரப்படி வைக்கிறோம் என்று நினைத்து வேறு நட்சத்திரத்து எழுத்தில் வைத்த வீடுகள் ஏராளம்.

நடைமுறை வழி: தொட்டிலில் போடும்போது காதில் மூன்று முறை சொல்லும் பெயரை ஜோசியர் எழுத்தில் வையுங்கள், பதிவேட்டில் ஏறும் பெயரை விருப்பம்போல் வையுங்கள். நட்சத்திரப் பெயர் வேறு, அழைக்கும் பெயர் வேறு என்பது பழைய வழக்கம்தான், பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

மற்றவர்களுக்காக: அசுவினி என்றால் சுடர், சேந்தன், சோழன். மகம் என்றால் மருதன், முகிலன், மேகலை. விசாகம் என்றால் திருமகள், தேன்மொழி. அனுஷம் என்றால் யோகம், நிலவன், நன்முல்லை, நப்பின்னை எல்லாம் கைவசம். இந்த 'ந' முன்னொட்டுக்கு நல்ல, சிறந்த என்று பொருள். நக்கீரன், நச்செள்ளை, நப்பின்னை எல்லாவற்றிலும் அதே 'ந' தான்.

தஞ்சாவூர்: மகளுக்கு 'எழினி' வைத்திருக்கிறோம். சங்க இலக்கியப் பெயர் என்று பெருமையாக இருந்தோம். ஒருவர் ஆண் பெயர் என்கிறார்.

அவர் சொல்வது சரி. எழினி என்பது அதியமான் குடியில் வழங்கிய ஆண் பெயர், அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. அதே சொல்லுக்குத் திரைச்சீலை என்ற பொருளும் உண்டு. சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மேடைத்திரை மூன்று வகை வரும்.

நமக்குப் பெண் பெயராகக் கேட்பதற்குக் காரணம் யாழினி, மகிழினி, தமிழினி. இவை இக்காலத்தில் உருவாக்கிய பெயர்கள், அந்த 'இனி' ஈறு காதில் பதிந்துபோனதால் எழினியும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. மாற்ற வேண்டாம். பெயர்கள் பால் மாறுவது எல்லா மொழியிலும் நடப்பதுதான். பள்ளியில் தமிழாசிரியர் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஆனால் 'இனி' வரிசை இப்போதைக்குப் போதும் என்பேன். பெண் பிள்ளைகளுக்குப் பெருக வேண்டியவை 'ஐ' யில் முடியும் பழைய பெயர்கள்: ஆதிரை, கோதை, முல்லை, மேகலை, குந்தவை, நக்கண்ணை. நன்முல்லை என்று ஒரு பிள்ளையை வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது! அள்ளூர் நன்முல்லையார் குறுந்தொகையில் பாடியவர். இரண்டாயிரம் ஆண்டுப் பெயர், இன்று புதுப் பெயர் போலவே ஒலிக்கிறது.

பெங்களூரு: பையனுக்குக் கடையெழு வள்ளல்களில் ஒருவர் பெயர் வைக்க ஆசை. ஏழில் எது தேறும்?

நல்ல கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாரி: சிறந்தது, ஆனால் ஆங்கில எழுத்தில் கவனம். 'பி-ஏ-ஆர்-ஐ' என்று எழுதினால் வடக்கே அது 'பரி', அதாவது தேவதை, பெண் குழந்தைப் பெயர். 'ஏ' இரண்டு போடுங்கள். இது எண் கணிதத்துக்காக அல்ல, நெடிலுக்காக.

காரி: உங்கள் ஊரில் 'கறி' ஆகிவிடும். தனித்தமிழில் சனிக்கிழமைக்குக் காரிக்கிழமை என்று பேர், பாட்டிமார்கள் முகம் சுளிக்கலாம். ஓரி: வல்வில் ஓரி, கொல்லிமலைத் தலைவன். இரண்டே எழுத்து, எந்த மொழிக்காரரும் சொல்லிவிடுவார். நள்ளி: ஏழில் எனக்கு மிகப் பிடித்தது, யாருமே வைப்பதில்லை. அதியமானை 'அதியன்' என்று சுருக்கினால் அருமை. பேகன்: மயிலுக்குப் போர்வை கொடுத்தவன், ஆனால் ஆங்கிலக் காதுக்குப் பல தெய்வம் கும்பிடுபவன் என்ற சொல்லாகக் கேட்கும். ஆய்: வேண்டாம். அண்டிரன் எவ்வளவு பெரிய வள்ளலாக இருந்தாலும் சின்னப் பிள்ளைகள் அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று வீட்டில் ஒரு குழந்தை வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

கோயம்புத்தூர்: எண் கணிதப்படி ஆங்கிலத்தில் ஒரு 'ஏ', ஒரு 'எச்' கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கியாயிற்று. இப்போது சேர்க்கலாமா?

சேர்ப்பதாக இருந்தால் சான்றிதழுக்கு முன்பே சேர்த்திருக்க வேண்டும். 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனைப் பிரசவம் என்றால் அவர்களே தெரிவிப்பார்கள். ஆனால் பெயரை 21 நாளில் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெயர் இடத்தைக் காலியாக விட்டுப் பதிந்துகொண்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். இது தெரியாமல் பிரசவ வார்டில் நர்ஸ் கேட்டதும் அவசரமாக ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஏறிய பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தலாம். ராசி இல்லை என்று மாற்றுவது அப்படி எளிதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அதில் ஒரு 'ஏ', ஆதாரில் இரண்டு 'ஏ', பள்ளி டிசியில் 'எச்' இல்லை என்று மூன்று விதமாக இருந்தால், பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளைதான் பிரமாணப் பத்திரமும் அரசிதழ் விளம்பரமுமாக அலைய வேண்டும்.

எண் கணிதத்தில் நம்பிக்கை இருந்தால் கூடுதல் எழுத்தைக் கையெழுத்தில் வைத்துக்கொள்ளட்டும். சான்றிதழை அப்படியே விடுங்கள்.

துபாய்: எங்கள் வழக்கப்படி மகளுக்கு ஒற்றைப் பெயர், இனிஷியல் மட்டும். இது சிக்கல் என்கிறார்கள்.

உண்மைதான். பாஸ்போர்ட்டில் 'கொடுத்த பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம். இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயரைக் காலியாக விட்டால் பிறகு நாட்டுக்கு நாடு தொல்லை. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று அச்சடித்துவிடுவார்கள். நீங்கள் இருக்கும் அமீரகத்திலேயே 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவோருக்குத் தடை போட்டார்கள்.

சாதிப் பட்டம் தேட வேண்டாம். அப்பா பெயரையோ அம்மா பெயரையோ விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். அதே வரிசை, அதே எழுத்து எல்லா ஆவணத்திலும் இருக்கட்டும். ஒரு சங்கடம் மட்டும் தவிர்க்க முடியாது, விமான நிலையத்தில் மகளை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

கோலாலம்பூர்: 'ழ' உள்ள பெயர் வைத்தால் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

தமிழ்நாட்டு வழக்கம் 'இசட் எச்'. தமிழ் தெரியாதவர் அதை 'ஸ' என்பார், கயல்விழி 'கயல்விஸி' ஆகிவிடுவாள். இலங்கைத் தமிழர் பலர் 'எல்' போடுகிறார்கள். 'யாளினி' என்று கேட்டாலும் காதுக்கு அது பக்கம். வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு நான் 'எல்' பக்கம். எழிலுக்கு மட்டும் 'இசட் எச்' தேவை, இல்லாவிட்டால் இரண்டு 'எல்' வந்து பிள்ளை 'எலில்' ஆகிவிடும்.

மதுரை: ஒழிந்தே போக வேண்டிய பெயர் என்று ஏதாவது உண்டா?

உண்டு: 'வேண்டாம்', 'போதும்பொண்ணு'. தொடர்ந்து பெண் பிறந்தால் அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று வைத்த பெயர்கள். வேறு விளக்கம் தேவையில்லை.

தூத்துக்குடி: வீட்டுக்காரர் தாத்தா பெயர் சுடலைமுத்து, பாட்டி பெயர் மாரியம்மாள். அந்தப் பெயர்தான் வைக்கணும் என்கிறார் மாமியார். பிள்ளையைக் கேலி செய்வார்களே?

பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் சுருக்கம், தாத்தாவின் பெயரைத் தாங்கியவன். மாமியார் பக்கம் மொழியே நிற்கிறது, சண்டைக்குப் போகாதீர்கள்!

முழுப் பெயரைத் தூக்க வேண்டியதில்லை, வேரை எடுத்துக்கொள்ளுங்கள். மாரி என்றால் மழை. 'மாரி' என்று மட்டும் வைத்தால் பாட்டியும் இருக்கிறார், புதுப் பெயராகவும் இருக்கிறது. பொன்னம்மாளுக்குப் பொன்னி, அது காவிரியின் பெயர். வள்ளியம்மைக்கு வள்ளி. சுடலைமுத்துவுக்கு முத்து, முத்தரசன், முத்தெழில். சுடலையை முழுதாகவே வைக்கும் துணிச்சல் இருந்தால் அதைவிட மகிழ்ச்சி, இசக்கி, பேச்சி, சுடலை எல்லாம் உங்கள் சீமைக்கே உரிய பெயர்கள், வேறெங்கும் கிடைக்காது. சென்னைக்கு வந்ததும் பலரும் முதலில் மறைப்பது இவற்றைத்தான். இவை கூட வேண்டும் என்பது என் ஆசை. கேலியைத் தாங்கப்போவது பிள்ளை என்பதால் கட்டாயப்படுத்த மாட்டேன்.

விழுப்புரம்: மகளுக்கு 'ரங்கநாயகி'. ஸ்ரீரங்கத்தில் வேண்டிப் பிறந்தவள். அப்பா பெயர் குமார். ஏதாவது பார்க்க வேண்டியது உண்டா?

இனிஷியலோடு சேர்த்து ஒரு தாளில் தமிழில் எழுதிப் பாருங்கள். கு.ரங்கநாயகி. புள்ளியை எடுத்துவிட்டுப் படியுங்கள். வகுப்பில் முதல் நாளே படித்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் இனிஷியல் ஆங்கில எழுத்திலேயே போனதால் இது தெரியாது. 2021 இறுதியில் இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சொன்ன பிறகு, வருகைப் பதிவேட்டில் தமிழ் இனிஷியல்தான். எனவே எந்தப் பெயராக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், இரண்டே நிமிடம்.

உங்களுக்குப் பெயரை மாற்ற வேண்டிய அவசியமில்லை. 'ர' வும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, அதனால்தான் ராமன் இராமன் ஆனான், ரங்கன் அரங்கன் ஆனான். பதிவில் 'அரங்கநாயகி' என்று கொடுங்கள். கு.அரங்கநாயகி. தாயாரும் அதே தாயார்தான்.