லேப்டாப்பில் பறக்கும் பக்கம் சர்வரில் ஏன் திணறுகிறது?

கேள்வி: ஜாங்கோவில் (பைதான் வெப் ஃபிரேம்வொர்க்) ஒரு கடைக்கு வெப் அப்ளிகேஷன் எழுதுகிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். ஆர்டர் பட்டியல் பக்கம் என் லேப்டாப்பில் சட்டென்று வந்துவிடுகிறது. சர்வரில் 8 விநாடி ஆகிறது. டேபிளில் வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் போட்டும் பலனில்லை. எங்கிருந்து தேடுவது?

பதில்: இண்டெக்ஸை இப்போதைக்கு விடுங்கள். அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்தால் டேட்டாபேஸுக்கு எத்தனை குவெரி (டேட்டா கேட்கும் கட்டளை) போகிறது என்று முதலில் எண்ணுங்கள். ஜாங்கோ டீபக் டூல்பாரை நிறுவினால் எண்ணிக்கை, நேரம், திரும்பத் திரும்ப வரும் குவெரிகள் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும்.

உங்கள் டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைக் காட்டுகிறீர்கள் அல்லவா? சும்மா எழுதினால், ஆர்டர்களை எடுக்க ஒரு குவெரி, பிறகு ஆர்டருக்கு ஒன்று. லேப்டாப்பில் 20 ஆர்டர் இருந்தால் 21 குவெரி, யாருக்கும் உறைக்காது. சர்வரில் 1,000 ஆர்டர் என்றால் 1,001. டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க்கில் போய்வரும் நேரமும் சேரும். பக்கம் பிரித்துக் காட்டாமல் இருந்தால் அதையும் உடனே செய்யுங்கள்.

இதைத் தவிர்க்க, ஆர்டருக்கு வாடிக்கையாளர் போல ஒரே ஒரு தொடர்பு என்றால் ஜாங்கோவின் செலக்ட் ரிலேட்டட் (select_related). இரண்டு டேபிளையும் சேர்த்து எடுக்கும் ஒரே ஜாயினில் முடிந்துவிடும். ஆர்டரில் உள்ள பொருட்கள் போலப் பல வரிசைகள் என்றால் பிரீஃபெட்ச் ரிலேட்டட் (prefetch_related). கூடுதலாக ஒரு குவெரி மட்டும் போகும். இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிரீஃபெட்ச் செய்த பொருட்கள் மேல் லூப்புக்குள் ஃபில்டர் போட்டால், எடுத்து வைத்ததை ஜாங்கோ பயன்படுத்தாது. ஆர்டருக்கு ஒரு புதுக் குவெரி அனுப்பும். அந்த ஃபில்டரை பிரீஃபெட்ச் (Prefetch) ஆப்ஜெக்டுக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள்.

சரி, குவெரிகள் குறைந்த பிறகும் ஒன்று மட்டும் இழுக்கிறதா? அதை சர்வர் அளவு டேட்டாவில் எக்ஸ்பிளெயின் அனலைஸ் (EXPLAIN ANALYZE) போட்டுப் பாருங்கள்; போஸ்ட்கிரெஸ் அதை எப்படி ஓட்டுகிறது என்ற பிளானைக் காட்டும். 50 வரிசை உள்ள டேபிளில் இண்டெக்ஸ் இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் வேண்டுமென்றே முழு டேபிளையும் படிக்கும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சர்வர் அளவு டேட்டா வேண்டும் என்பதற்காக வாடிக்கையாளர்களின் உண்மையான பெயர், போன் நம்பரை லேப்டாப்புக்கு இறக்கவே வேண்டாம். பொய் டேட்டாவை லட்சக்கணக்கில் உருவாக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: எக்ஸ்பிளெயின் அனலைஸ் குவெரியை நிஜமாகவே ஓட்டும். டெலீட், அப்டேட் என்றால் பிகின், ரோல்பேக் நடுவே வையுங்கள்; மாற்றம் ரத்தாகிவிடும்.

வரும் பிளானில் எதிர்பார்த்த வரிசைகளையும் உண்மையில் வந்தவற்றையும் ஒப்பிடுங்கள். 10 எதிர்பார்த்து 40,000 வந்திருந்தால் பெரும்பாலும் டேபிளைப் பற்றி போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் புள்ளிவிவரம் பழசாகியிருக்கும். அந்த டேபிளுக்கு அனலைஸ் கமாண்டை ஓட்டுங்கள்.

நீங்கள் போட்ட இண்டெக்ஸ் பெயர்த் தேடலுக்கு என்றால், பெரிய, சிறிய எழுத்து பாராமல் பெயரின் எந்த இடத்திலும் தேடும் ஐகன்டெய்ன்ஸ்தான் (icontains) காரணமாக இருக்கும். போஸ்ட்கிரெஸில் அது இரண்டு பக்கமும் பெரிய எழுத்தாக்கும் அப்பர் போட்டு, முன்னும் பின்னும் சதவீதக் குறியோடு லைக் ஆகப் போகிறது. சாதாரண இண்டெக்ஸ் அதற்கு உதவாது. அப்பர் போட்ட அதே வடிவத்தின் மேல் மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்து வைக்கும் டிரைகிராம் ஜின் (GIN) இண்டெக்ஸ் வேண்டும்.

சரியானதும் குவெரி எண்ணிக்கையைச் சரிபார்க்கும் assertNumQueries வைத்து ஒரு டெஸ்ட் எழுதிவிடுங்கள். 3 ஆர்டர் இருந்தாலும் 30 ஆர்டர் இருந்தாலும் குவெரி எண்ணிக்கை மாறக் கூடாது. அடுத்த மாதம் யாராவது டெம்ப்ளேட்டில் ஒரு வரி சேர்த்து அதைக் கெடுத்தால் டெஸ்ட் அங்கேயே நிறுத்திவிடும்.