ஜூலை ஆறா, ஜூன் ஏழா?

கேள்வி: திருக்கடையூரில் எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்து, 6-7-2025 என்று தேதியை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த என் தங்கை மகன் அதை ஜூன் 7 என்று எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் விடுப்பும் கேட்டுவிட்டான். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் தெரியவந்ததால் தப்பித்தோம். எண்களால் மட்டுமே எழுதினாலும் எந்த நாட்டவரும் தவறாகப் படிக்க முடியாத முறை ஏதேனும் உண்டா?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: உண்டு. 2025-07-06 என்று எழுதுங்கள். ஆண்டு நான்கு இலக்கங்களில் முதலில் வர வேண்டும். அடுத்து மாதமும் நாளும் இரண்டிரண்டு இலக்கங்களில், இடையே சிறு கோட்டுடன் வர வேண்டும். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1988-இல் ஐஎஸ்ஓ 8601 என்ற பெயரில் வெளியிட்ட தரம் இந்த வரிசையைத்தான் சொல்கிறது.

உங்கள் மருமகன் மீது தவறில்லை. அமெரிக்கர்கள் பேச்சில் மாதத்தை முதலில் சொல்வதைப் போலவே எண்ணிலும் எழுதுகிறார்கள். நாள் 12-க்கு மேற்பட்டால் குழப்பம் தானே விலகிவிடும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தாலும் கவலையில்லை. மிச்சமுள்ள 132 நாட்கள்தான் ஆண்டுதோறும் இரண்டு விதமாகப் படிக்கக்கூடியவை. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் 12-6 கூட அவற்றில் ஒன்று. அதை டிசம்பர் 6 என்று படிக்கிறவர், வயலில் சம்பா நிற்கும்போது நாம் குறுவைக்குத் தண்ணீர் கேட்பதாக அல்லவா நினைப்பார்!

நாமும் அமெரிக்கர்களும் ஆண்டைக் கடைசியில் எழுதுகிறவர்கள் என்பதால், ஆண்டில் தொடங்கும் தேதியைக் கண்டதும் இரு தரப்பாரும் பழக்கத்தை விட்டுவிட்டு நின்று படிப்பார்கள். ஆண்டை முதலில் எழுதும் ஜப்பான், சீனா, கொரியா, ஹங்கேரி ஆகிய நாடுகளிலோ அடுத்து வருவது மாதம்தான். ஆண்டு, நாள், மாதம் என்று எழுதும் வழக்கம் ஏறக்குறைய எங்கும் இல்லை.

இது அயலாருடைய வரிசை என்று தோன்றினால், உங்கள் பத்திரிகையையே எடுத்துப் பாருங்கள். 'நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆனி மாதம் 22ஆம் நாள்' என்று பெரியதிலிருந்து சிறியதற்குத்தான் அது இறங்கி வரும். அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத் தேதியைப் போடும்போதுதான் தலைகீழாகிறோம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் கலசத்தை இராசராசன் வழங்கிய நாளையும் கல்வெட்டு 25ஆம் ஆட்சியாண்டு, 275ஆம் நாள் என்றே குறிக்கிறது. மாதத்தை விட்டுவிட்டு ஆண்டையும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் மட்டும் எழுதும் முறைக்கு ஐஎஸ்ஓ தரத்திலும் இடமுண்டு என்பது எனக்கு வியப்பளித்த செய்தி.

ஆண்டை மட்டும் ஒருபோதும் இரண்டு இலக்கமாகக் குறைக்காதீர்கள். வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால்தான் உங்கள் விழாவே நடக்கிறது. '25' என்பதும் நூறாண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 05-06-07 என்ற பழைய ரசீது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எது ஆண்டு என்று நானே விழித்திருக்கிறேன்.

கணினியில் பத்திரங்களையும் நெல் கொள்முதல் ரசீதுகளையும் படமெடுத்து வைப்பவர்கள் கோப்பின் பெயரை இந்தத் தேதியில் தொடங்கினால், பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதங்களின் ஒன்றாம் தேதிகளும் ஓரிடத்தில் குவிந்து நிற்கும்.

உறவினருக்கு அனுப்பும்போது பக்கத்திலேயே 'ஞாயிறு' என்றும் சேர்த்துவிடுங்கள். ஜூன் 7 சனிக்கிழமை என்பதால், தவறாகப் படித்தவருக்கும் உடனே உறைக்கும். ஆனால் கட்டம் போட்ட விண்ணப்பங்களில் இந்த முறையைப் புகுத்த வேண்டாம். அங்கே அவர்கள் கேட்கும் வரிசையிலேயே நிரப்புங்கள்.