டார்க்ரூம் கேள்வி பதில்: என்லார்ஜருக்கு எந்த பல்பு?

கேள்வி: பழைய ஸ்டுடியோவிலிருந்து வாங்கிய என்லார்ஜரில் (நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கும் கருவி) 75 வாட் பால் பல்பு போய்விட்டது. சாதாரணக் கண்ணாடி பல்பு போட்டால் பிரிண்டின் நடுப்பகுதி கறுத்து, ஓரங்கள் வெளுக்கின்றன. வேறு என்ன போடலாம்?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: கண்ணாடி பல்பில் இழை மட்டும்தான் எரிகிறது. கண்டென்சர் (பல்புக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) அந்த வெளிச்சப் புள்ளியை அப்படியே வாங்கிக்கொள்வதால்தான் நடுவில் கறுப்பு. என்லார்ஜர் பல்புக்கு உருண்டை முழுவதும் ஒரே சீரான பால் வெள்ளை. உச்சியில் எழுத்தும் இருக்காது. பிலிப்ஸின் பிஎஃப்603 (75 வாட்), பிஎஃப்605 (150 வாட்) இந்த ரகம். பழைய சரக்கு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பிஎச்211, பிஎச்212 என்று போட்டிருந்தால் மட்டும் உஷார்: அவை அமெரிக்க 120 வோல்ட் பல்புகள். நம் திருகு ஹோல்டரில் ஏறிவிடும். சுவிட்சைப் போட்டதும் உயிரை விடும்.

கையில் கிடைக்கும் மாற்று, 9 வாட் எல்இடி பல்பு. பால் வெள்ளை மூடி உள்ளதாக, 3000 கெல்வின் வார்ம் ஒயிட் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் பின் பல்பைத்தான் முதலில் நீட்டுவார். திருகு பல்பு என்று கேட்டு வாங்க வேண்டும். கன்வர்ட்டர் போட்டுச் சமாளித்தால் பல்பு சில சென்டிமீட்டர் கீழே இறங்கி, வெளிச்சத்தின் சமநிலை கெடும்.

மாட்டியதும் நெகட்டிவ் இல்லாமல், லென்ஸ் துவாரத்தை எஃப் 5.6-இல் வைத்து, பேப்பர் இளஞ்சாம்பல் நிறம் வரும் அளவுக்கு எக்ஸ்போஸ் செய்து பாருங்கள். நான்கு மூலையும் நடுவும் ஒத்து வரும்வரை பல்புத் தண்டை 5 மில்லிமீட்டர் வீதம் ஏற்றி இறக்க வேண்டும். அப்படியும் ஒத்து வராவிட்டால் போர்டு எழுதும் கடையில் 3 மில்லிமீட்டர் பால் அக்ரிலிக் துண்டு வாங்கி, கண்டென்சருக்கு மேலே வையுங்கள். வெளிச்சம் குறையும், கான்ட்ராஸ்ட்டும் (கறுப்பு வெள்ளை வேறுபாடு) சற்று இறங்கும்; நெகட்டிவின் கீறலும் தூசியும் மறைவது உபரி லாபம். குண்டு பல்போடு மட்டும் அக்ரிலிக் வேண்டாம், சூட்டில் வளைந்துவிடும்.

மல்டிகிரேட் பேப்பர் (ஃபில்டர் மாற்றி கான்ட்ராஸ்ட்டைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற பேப்பர்) நீலம், பச்சை இரண்டு ஒளிக்கும் மசியும். அதன் ஃபில்டர்கள் குண்டு பல்பின் ஒளிக்குக் கணக்கிட்டவை. 6500 கெல்வின் எல்இடியில் நீலம் அதிகம் என்பதால் கான்ட்ராஸ்ட் ஏறிவிடும். வார்ம் ஒயிட்டிலும் ஃபில்டர் எண்கள் அச்சு அசலாக நடக்காது. 00, 2, 4 மூன்றுக்கும் புதிதாக டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்இடி மாட்டிய பிறகு, டைமர் அணைந்த நிலையிலும் பல்பு லேசாக மினுங்குகிறது. இதனால் பேப்பர் கெடுமா?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: கெடும். எலக்ட்ரானிக் டைமரில் அணைத்த பிறகும் துளி மின்சாரம் கசியும். குண்டு பல்புக்கு அது போதாது, எல்இடிக்குப் போதும். இண்டிகேட்டர் உள்ள சுவிட்சும், நியூட்ரலில் மாட்டிய சுவிட்சும் இதே வேலையைச் செய்யும். ரிலே வைத்த டைமருக்கு மாறுங்கள். சுவிட்ச் பேஸ் வயரில்தான் இருக்கிறதா என்று டெஸ்டரால் பாருங்கள். பிறகு சேஃப்லைட்டையும் (டார்க்ரூமின் மங்கல் விளக்கு) அணைத்து, லென்ஸை முழுதாகத் திறந்து, பேப்பர் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை 5 நிமிடம் வைத்து டெவலப் செய்யுங்கள். வட்டம் தெரிந்தால் கசிவு இன்னும் இருக்கிறது.

அணைத்த பிறகு சில எல்இடிகள் கொஞ்ச நேரம் மங்கி மங்கித்தான் ஓயும். 3 விநாடி எக்ஸ்போஷரில் அது பெரிய பிழை. லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எக்ஸ்போஷரை 15 விநாடிக்குக் கொண்டுபோனால் பொருட்டல்ல.

கேள்வி: என்லார்ஜரின் கலர் ஹெட்டில் (கலர் ஃபில்டர் உள்ள விளக்குப் பெட்டி) 12 வோல்ட் 100 வாட் ஹாலோஜன். சீலிங் அலங்கார 50 வாட் ஹாலோஜனைப் போடலாமா?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம். அதன் பின் இடைவெளி 5.3 மில்லிமீட்டர், உங்களுடையது 6.35. பொருத்தினாலும் அலங்கார விளக்கு ஒளியை அறைக்குள் விரிக்கும். உங்களுக்கு வேண்டியது ஒளியை அருகிலேயே குவிக்கும் ரகம். இஎஃப்பி என்ற குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள். 8 ஆம்பியருக்கு மேல் ஓடுவதால் பீங்கான் சாக்கெட்டின் முனை கருகியிருக்கும். அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் புது பல்பும் நிலைக்காது.

கேள்வி: ஒரே நெகட்டிவ், ஒரே நேரம், காலையில் ஒரு பிரிண்ட், இரவில் வேறு பிரிண்ட். ஏன்?
- வாசகர், ஏற்காடு

பதில்: குண்டு பல்பு என்றால் முதலில் வோல்டேஜைச் சந்தேகியுங்கள். 5 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் ஏறக்குறைய 16 சதவீதம் குறையும். 240 வோல்ட் 210 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், நிறமும் சிவப்பேறும். ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ரிலே ஸ்டெபிலைசர் எக்ஸ்போஷர் நடுவில் 'டக்' என்று தாவி வேலையைக் கெடுக்கும். சர்வோ வகை வேண்டும். நல்ல டிரைவர் உள்ள எல்இடிக்கு இந்த ஏற்ற இறக்கம் அவ்வளவாக உறைக்காது. அதன் பிறகும் பிரிண்ட் மாறினால் மலைக் குளிரில் டெவலப்பர் 20 டிகிரிக்குக் கீழே போயிருக்கிறதா என்று தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள்.